டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளையை விளையாட அனுப்புவது எப்படி: புதிதாக ஊசி போடத் தொடங்கியிருக்கும் பெற்றோருக்கு

ஆஸ்பத்திரியில் இருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில், பார்க்க வருகிற எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். "இனி ஓட விடாதீங்க, கிறங்கி விழுந்திருவா." எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மகளுக்கு அப்போது ஏழு வயது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தென்னந்தோப்பில் பந்து உதைப்பதை அவள் வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். நாங்களும் பயந்துபோய் ஒன்றரை மாதம் அவளை உட்கார்த்தியே வைத்தோம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, 32 கிலோ. வாரத்தில் நான்கு நாள் கால்பந்து, ஞாயிறு காலையில் ஆசானிடம் அடிமுறை என்கிற நம் ஊர்த் தற்காப்புக் கலை.

நான் டாக்டர் இல்லை. ஐந்து வருடமாக மைதானத்து ஓரத்தில் குளுக்கோமீட்டரோடு நிற்கிற அப்பா, அவ்வளவுதான். குளச்சலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ இந்த மாதம்தான் ஊசி போடக் கற்றுக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு, எனக்கு அன்று யாராவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றுபவற்றை எழுதுகிறேன். எண்கள் பொதுவான வழிகாட்டு முறைகளில் உள்ளவை. உங்கள் பிள்ளைக்கு உரிய எண்ணை டாக்டரிடம் கேட்டு இதன் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடம் உடம்பு அசைந்து விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. டைப் 1 உள்ள பிள்ளைக்கும் அதே 60 நிமிடம்தான், குறைவில்லை. தூத்தூர்ப் பக்கம் கால்பந்து பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு நாச்சோ பெர்னாண்டஸ் பெயர் தெரிந்திருக்கும். ரியல் மாட்ரிட் அணிக்காக ஆறு சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளை வென்றவர், 2018 உலகக் கோப்பையில் போர்ச்சுகலுக்கு எதிராக கோல் போட்டவர். அவருக்குப் பன்னிரண்டு வயதில் வந்தது இதே டைப் 1தான். என் மகளின் படிப்பு மேசைக்கு மேலே அவர் படம் ஒட்டியிருக்கிறது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

மற்ற பிள்ளைகள் ஓடத் தொடங்கியதும் கணையம் தானாகவே இன்சுலின் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். டைப் 1 என்றால் கணையம் இன்சுலின் சுரப்பது கிட்டத்தட்ட நின்றுபோன நிலை. நம் பிள்ளைக்கு ஊசியில் ஏற்றிய இன்சுலின், தோலுக்கடியில் இருந்து ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. ஓடுகிற தசையோ இன்சுலின் உதவி இல்லாமலும் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் சுகர் சட்டென்று இறங்கும்.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். நூறு மீட்டர் ஓட்டம், கபடி, போட்டி நாள் பதற்றம் இவற்றில் அட்ரினலின் சுரந்து கல்லீரல் சர்க்கரையைக் கொட்டும். வீட்டில் சுகர் 130 (மீட்டர் காட்டும் மி.கி./டெ.லி. எண்) இருந்த பிள்ளை, மேட்ச் முடிந்ததும் 240 காட்டுவாள். அதைப் பார்த்துப் பதறி உடனே கூடுதல் யூனிட் இன்சுலின் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் ஒன்று இரண்டு மணி நேரத்தில் அது தானாக இறங்கிவிடும். அந்த நேரத்தில் போடும் கூடுதல் ஊசி, பிறகு லோவில், அதாவது சுகர் அளவுக்கு மீறி இறங்கிய நிலையில், கொண்டுபோய் விடும்.

மூன்றாவது விஷயம்தான் புதியவர்கள் தவறவிடுவது. ஓடும்போது தசை தன் சேமிப்புச் சர்க்கரையைச் செலவழிக்கிறது. ஆட்டம் முடிந்த பிறகு, அந்தக் காலியான இடத்தை ரத்தத்தில் இருந்து மணிக்கணக்கில் நிரப்பிக்கொள்கிறது. பிள்ளை குளித்து, சாப்பிட்டு, தூங்கிய பிறகும் சுகர் இறங்கிக்கொண்டிருக்கும். இதைப் பற்றிப் பிறகு தனியாகச் சொல்கிறேன்.

மைதானப் பை

டாக்டரிடம் பேசியாயிற்று என்றால் முதல் வேலை ஒரு பை தயார் செய்வது. எங்கள் பையில் இருப்பவை: குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப், ஊசிமுனை, தண்ணீர் பாட்டில் இரண்டு (ஒன்று குடிக்க, ஒன்று கை கழுவ), குளுக்கோஸ் பொட்டலம் ஆறு, மட்டிப்பழம் இரண்டு, கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) பார்க்கும் ஸ்ட்ரிப், போன் நம்பர் எழுதிய அட்டை.

குளுக்கோஸ் பொட்டலம் பற்றி ஒரு வார்த்தை. லோ ஆகும்போது பிள்ளைக்கு வேண்டியது எடைக்கு ஏற்ற குளுக்கோஸ், ஒரு கிலோவுக்கு சுமார் 0.3 கிராம். 32 கிலோ பிள்ளைக்குக் கிட்டத்தட்ட 10 கிராம். அந்த நேரத்தில் டப்பாவைத் திறந்து ஸ்பூன் தேடி அளக்க யாருக்கும் கை ஓடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மாலை சமையலறைத் தராசை எடுத்து வைத்து, 10 கிராம் 10 கிராமாக அளந்து சின்ன ஜிப் கவரில் போட்டு வைக்கிறோம். இதை அவள் அம்மச்சிதான் செய்வார். ஆரம்பத்தில் ஓட விடக் கூடாது என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர். இப்போது பொட்டலம் குறைந்தால் என்னைத்தான் திட்டுகிறார்.

பொட்டலம் இல்லாத நேரத்துக்குக் கணக்கு: தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சீனி சுமார் 4 கிராம். சாதாரண குளிர்பானம் 100 மில்லியில் கிட்டத்தட்ட 10 கிராம் இருக்கும். டயட் என்று போட்ட பாட்டில் உதவாது. சாக்லெட்டும் கடலை மிட்டாயும் லோவுக்கு வேண்டாம், அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். கருப்பட்டித் துண்டைக் கடித்துக் கரைப்பதற்குள்ளும் நேரம் போய்விடும்.

பழத்திலும் ஒரு சிக்கல் உண்டு. "விளையாடும் முன் ஒரு வாழைப்பழம் கொடுங்கள்" என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். எந்த வாழைப்பழம்? விரல் நீள மட்டியும் பழம்தான், முழங்கைக்கு எட்டும் ஏத்தனும் பழம்தான். தோலுரித்த வாழைப்பழம் 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 22, 23 கிராம். நீங்கள் வாங்குகிற பழத்தை ஒரு தடவை தராசில் வைத்துப் பாருங்கள். இரண்டு வாரத்தில் கண்ணே அளந்துவிடும்.

தொடங்குவதற்கு முன்: கை கழுவு, குத்து, பார்

கை கழுவுவதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு மே மாத மாலை. தோப்பில் சக்கை (பலாப்பழம்) பழுத்துக் கிடந்தது. பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கு இரண்டு சுளை தின்றுவிட்டுப் பந்தோடு ஓடி வந்தார்கள். என் மகளும் விரலை நீட்டினாள். நான் குத்தினேன், 268. ஊசி போடலாமா என்று யோசித்தேன். அப்போதுதான் கவனித்தேன், ஸ்ட்ரிப் என் விரலில் லேசாக ஒட்டியது. அவள் விரல் நுனியில் சக்கைச் சாறு. கையை நன்றாகக் கழுவி, துடைத்து, வேறு விரலில் பார்த்தேன். 91. அந்த முதல் எண்ணை நம்பி இன்சுலின் போட்டு ஓட விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்தாலே போதும்.

சரி, எண் வந்துவிட்டது. இனி என்ன?

70க்குக் கீழே இருந்தால் அது லோ. அதைச் சரி செய்து, 90க்கு மேல் வந்து நின்ற பிறகுதான் ஆட்டம். 70க்கும் 90க்கும் நடுவில் என்றால் 10 முதல் 20 கிராம் மாவுச்சத்து கொடுத்து, 90 தாண்டும்வரை உட்கார வைக்க வேண்டும். 90 முதல் 125 வரை என்றால், நெடுநேரம் ஓடும் ஆட்டத்துக்கு முன் சுமார் 10 கிராம் கொடுத்து அனுப்பலாம். 126 முதல் 180 வரை இருப்பதுதான் நல்ல தொடக்கம், அப்படியே விடலாம். அதற்கு மேல் 270 வரை இருந்தாலும் விளையாடலாம், தனியாகத் தீனி வேண்டாம்.

270ஐத் தாண்டியிருந்தால் முதலில் காரணம் பாருங்கள். இப்போதுதான் டிபன் சாப்பிட்டாளா? அல்லது காரணமே தெரியவில்லையா? தெரியவில்லை என்றால் கீட்டோன் பார்க்க வேண்டும். ரத்த கீட்டோன் (மி.மோல்/லி. கணக்கில்) 0.6க்குள் இருந்தால் லேசான விளையாட்டு ஆகலாம். அதற்கு மேல் என்றால் ஆட்டத்தைத் தள்ளிவைத்து டாக்டர் சொன்னபடி இன்சுலினும் தண்ணீரும். 1.5ஐத் தொட்டாலோ, சிறுநீர் ஸ்ட்ரிப் கருஞ்சிவப்பாக மாறினாலோ அன்று விளையாட்டு கிடையாது, உடனே டாக்டரிடம் பேச வேண்டும். கீட்டோன் இருக்கும்போது ஓடினால் அது இன்னும் கூடும். வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு இருந்தால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொரு தடை உண்டு. முந்தைய 24 மணி நேரத்தில் பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குக் கடுமையான லோ வந்திருந்தால், அன்று விளையாட வேண்டாம்.

கடைசி ஊசி எப்போது, எங்கே

எண்ணைப் போலவே முக்கியமான கேள்வி, உடம்பில் இப்போது எவ்வளவு இன்சுலின் வேலை செய்கிறது என்பது. அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் ரெகுலர் இன்சுலின் போட்டு இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். மதியம் ஒரு மணிக்குச் சோற்றுக்கு முன் போட்டால் உச்சம் மூன்று முதல் ஐந்து மணி. பள்ளியில் பி.டி. பீரியடும் அப்போதுதான், தெருவில் ஆட்டம் தொடங்குவதும் அப்போதுதான். காலையில் போடும் பால் நிற என்.பி.எச். இன்சுலினும் மதியத்துக்குப் பிறகு நன்றாக வேலை செய்யும். வேக இன்சுலின் என்றால் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் உச்சம். உங்கள் பிள்ளை போடும் மருந்தின் பெயரையும் அதன் உச்ச நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, விளையாட்டு நேரத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

விளையாடப் போகும் முன் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடும் வேளைக்கான இன்சுலினைக் குறைக்கலாம். எவ்வளவு என்பது ஆட்டத்தின் வேகத்தையும் நேரத்தையும் பொறுத்துக் கால் பங்கில் இருந்து முக்கால் பங்கு வரை மாறும். இதை டாக்டர் சொல்லாமல் நீங்களாகச் செய்யாதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "விளையாடுகிற நாளில் மதிய யூனிட்டை எவ்வளவு குறைக்கலாம், சார்?"

இடமும் முக்கியம். கால்பந்து நாளில் தொடையில் போடாதீர்கள். வேலை செய்யும் தசைக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் மருந்து வேகமாக ஏறிவிடும். நாங்கள் அன்று வயிற்றில்தான் போடுகிறோம்.

காலையில் இட்லிக்கும் ஊசிக்கும் முன் செய்யும் பயிற்சியில் லோ வாய்ப்பு குறைவு. அடிமுறை வகுப்பு காலை ஆறு மணிக்கு அமைந்தது எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

ஆடும்போது

அரை மணிக்கு ஒருமுறை ஓரத்துக்குக் கூப்பிட்டு எண் பாருங்கள். ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடும் ஆட்டம் என்றால் ஒரு கிலோ எடைக்கு அரை முதல் ஒரு கிராம் மாவுச்சத்து தேவைப்படும். என் மகளுக்கு அரை மணிக்குச் சுமார் 10 கிராம் சரியாக வருகிறது, உங்கள் பிள்ளைக்கு மாறலாம். கையில் சென்சார் (தோலில் ஒட்டியபடியே சுகர் எண்ணையும், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று அம்புக்குறியையும் காட்டும் கருவி) இருந்தால் அதையும் முழுதாக நம்ப வேண்டாம். ஓடும்போது சென்சார் எண் ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கியே வரும். 100க்குப் பக்கத்தில் வந்து அம்பு கீழே சாய்ந்திருந்தால் நாங்கள் காத்திருப்பதில்லை, கொடுத்துவிடுகிறோம்.

லோவின் அறிகுறி ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு. வியர்வையும் நெஞ்சுப் படபடப்பும் ஓடுகிற எல்லாப் பிள்ளைக்கும் இருப்பதால் அவற்றை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. என் மகள் முதலில் பாஸ் தப்பாகப் போடுவாள். பிறகு காரணமில்லாமல் கூட்டாளியிடம் சண்டை பிடிப்பாள். "காலு தளருது அப்பா" என்று அவள் சொல்லும்போது எண் பெரும்பாலும் 60க்குக் கீழே போயிருக்கும். உங்கள் பிள்ளையின் முதல் அறிகுறி எது என்று கூர்ந்து பாருங்கள்.

லோ வந்தால் ஆட்டத்தை நிறுத்து, உட்கார், ஒரு பொட்டலம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடி, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார். 70க்குக் கீழேயே நின்றால் இன்னொரு பொட்டலம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் பயத்தில் பழம், பிஸ்கட், மிட்டாய் என்று திணிக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் 300 வந்து நிற்கும். நான் செய்திருக்கிறேன்.

பிள்ளை நினைவிழந்தாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, டாக்டர் குளுக்ககான் (சுகரை ஏற்றும் அவசர மருந்து) எழுதிக் கொடுத்திருந்தால் அதைக் கொடுத்து, 108ஐக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் ஆட்டத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். நம் ஊரில் பிள்ளை குளத்தில் நீந்தாமல் வளர்வது நடக்காத காரியம். ஆனால் தண்ணீருக்குள் லோவின் அறிகுறி தெரியாது. 126க்குக் கீழே இருந்தால் நாங்கள் இறக்குவதில்லை, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கட்டுக்கு வர வேண்டும், நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் அவளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வெயிலில் இன்சுலின் வேகமாக ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள். இன்சுலின் இருக்கும் பையை ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் வைத்துவிட்டு மேட்ச் பார்க்கப் போகாதீர்கள், சூட்டில் மருந்து கெட்டுவிடும். ஈரத்துணி சுற்றிய சின்ன மண்சட்டி, நிழலில் ஒரு மூலை, அதுவே நல்ல ஏற்பாடு.

இரவு

முதல் வருட விளையாட்டு விழா. காலையில் இருந்து மாலை வரை ஓட்டம், வடம் இழுத்தல், எல்லாம். ஆறு மணிக்கு 156. நாங்கள் மகிழ்ந்துபோய், வழக்கமான இரவு ஊசியை வழக்கமான அளவிலேயே போட்டுத் தூங்கினோம். இரண்டே முக்காலுக்கு ஏதோ ஒரு சத்தத்தில் விழித்த என் மனைவி அவள் நெற்றியைத் தொட்டாள். தலையணை நனைந்து கிடந்தது. விளக்கைப் போட்டுக் குத்தினோம், 47. கண் திறந்திருந்தாள், பேச்சு குழறியது. சீனித் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக விழுங்கினாள். பொழுது விடியும்வரை நாங்கள் இருவரும் அவள் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தோம்.

பிறகுதான் டாக்டர் விளக்கினார். மாலை ஆட்டத்துக்குப் பின் ஏழு முதல் பதினொரு மணி நேரம் கழித்து லோ வருவது சாதாரணம். ஆறு மணிக்கு முடித்தால் அது இரவு ஒன்று முதல் ஐந்து மணி வரை, ஊரே தூங்கும் நேரம்.

அன்றில் இருந்து, கூடுதலாக ஓடிய நாளில் நாங்கள் செய்வது: இரவுச் சாப்பாட்டுக்கான யூனிட்டை டாக்டர் சொன்ன அளவுக்குக் குறைக்கிறோம். நீண்டநேர இன்சுலினை அன்று சுமார் 20 சதவீதம் குறைக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கிறோம். படுக்கும் முன் ஒரு தடவை பார்த்து, தேவைப்பட்டால் ஒரு டம்ளர் பாலும் கொஞ்சம் நிலக்கடலையும். இங்கே மெதுவாக ஏறுவதுதான் வேண்டும், லோவுக்கு ஆகாத கொழுப்பு இங்கே உதவுகிறது. பிறகு இரண்டரைக்கு அலாரம். நானும் மனைவியும் நாள் மாற்றி எழுகிறோம்.

சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம் போக வேண்டும் என்று வளர்ந்த பையன்கள் கேட்பார்கள். பன்னிரண்டு கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல், அதுவும் விரதத்தோடு, தூக்கமில்லாமல். லோவுக்கு வேண்டிய எல்லாம் அங்கே ஒன்றாகச் சேர்கிறது. விரதமில்லாமல், கூடவே ஒருவர் பையோடு, இரண்டு கோயிலுக்கு இடைப்பட்ட தூரம் மட்டும் என்றால் டாக்டரிடம் பேசிப் பார்க்கலாம். முழு ஓட்டத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

யாரிடம் சொல்வது

"வெளியே சொல்லாதே, பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா" என்று சொந்தக்காரர் ஒருவர் எங்களிடம் சொன்னார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் மைதானத்தில் பிள்ளை விழும்போது பக்கத்தில் நிற்பவருக்கு விஷயம் தெரியாவிட்டால், மயக்கம் என்று முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நேரத்தைக் கடத்துவார்கள். மறைப்பதில் உயிராபத்து இருக்கிறது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

பி.டி. சாரிடம் நேரில் போய்ப் பேசுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் எழுதிக் கொடுக்காதீர்கள். மூன்று விஷயம் போதும்: எப்படி இருந்தால் லோ, என்ன கொடுக்க வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும். "இவளை உட்கார வைக்காதீங்க சார், நடுவில் சாப்பிட மட்டும் விடுங்க" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆசானிடம் சொன்னபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் களரியின் ஓரத்தில், அவருடைய எண்ணெய்க் குப்பிகளுக்குப் பக்கத்தில், ஒரு குளுக்கோஸ் டப்பா இருந்தது.

இவர்களைவிட முக்கியம் ஒரு கூட்டாளி. என் மகள் அணியின் கோல்கீப்பர் பிள்ளைக்கு எல்லாம் தெரியும். "மக்களே, உன் மூஞ்சி சரியில்ல, போய்க் குத்திப் பாரு" என்று என்னை முந்திக்கொண்டு அவள்தான் சொல்வாள்.

நோட்டு

கடைசியாக, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, ஆட்டம், கடைசி ஊசி, முன் எண், நடுவில் எண், என்ன கொடுத்தது, முடிவில் எண், இரவு எண். போன சனிக்கிழமை எங்கள் நோட்டில் மகள் தன் கையால் எழுதியது இப்படி இருக்கிறது:

"கால்பந்து, 4.30 முதல் 5.45. மதியம் 1 மணிக்கு ஊசி, 1 யூனிட் குறைச்சல். முன் 138. அரை மணியில் 104, ஒரு மட்டி. முடிவில் 121. படுக்கும் முன் 118, பால், கடலை. 2.30க்கு 109. இன்று ஒரு கோல்."

மூன்று வாரம் இப்படி எழுதிய பிறகு, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது நோட்டைக் கொண்டுபோய் அவர் மேசையில் விரித்து வையுங்கள். யூனிட்டை எங்கே குறைப்பது, தீனியை எங்கே கூட்டுவது என்று அவர் அதைப் பார்த்துத்தான் சொல்வார்.